சிப்பில் புரோகிராம் ஏற்றும் கருவி: எதை நம்பி வாங்குவது?

(கோபிசெட்டிபாளையத்தில் மோட்டார் ஸ்டார்ட்டர், பேனல் போர்டு தயாரிப்பவர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பட்டறை மேசையின் ஓரத்தில், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் கிடக்கும் ஒரு சின்னப் பெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்குள் புரோகிராமை ஏற்றும் கருவி அது. புரோகிராமர் என்கிறோம். ஒரு தொழிற்கூடத்தில் சால்டரிங் ஸ்டேஷன் வாங்க நான்கு பேரிடம் யோசனை கேட்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தர நல்ல ஆளைத் தேடி ஊர் ஊராகப் போவார்கள். இந்தப் பெட்டியை மட்டும் யாரோ வைத்திருந்ததைப் பார்த்து அதே மாதிரி ஒன்றை வாங்கிவிடுவார்கள். அந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

நம் பகுதியில் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும்? 1932-இல் பைக்காரா மின்சாரம் மலையிலிருந்து இறங்கியது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து கோவையில் மின்மோட்டாரைச் செய்து காட்டினார்கள். அதன்பின் கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வந்தது. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. ஆனால் மும்முனைக் கரண்ட் பல வருஷம் முறை வைத்துத்தான் வந்தது. பகலில் இத்தனை மணி நேரம், ராத்திரியில் இத்தனை மணி நேரம். கரண்ட் எப்போது வரும் என்று தோட்டத்துச் சாளையில் கண் விழித்துக் கிடந்தவர்கள் இந்த அவையிலேயே பலர் இருப்பீர்கள். அந்தக் கஷ்டத்துக்குப் பதிலாகத்தான் ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்தது. ஒரு பேஸ் போனால் மோட்டார் எரியாமல் நிறுத்தும் பிரிவென்டர் வந்தது. வீட்டில் இருந்தபடியே போனில் மோட்டார் போடும் மொபைல் ஸ்டார்ட்டர் வந்தது. இவை எல்லாவற்றுக்கும் உள்ளே, கான்டாக்டருக்கு மேலே இருக்கும் பச்சை போர்டில், எட்டுக் காலோ இருபத்தெட்டுக் காலோ உள்ள ஒரு சிப் உட்கார்ந்திருக்கிறது.

தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் இருப்பவர்களுக்குக் கொடிவேரியிலிருந்து தண்ணீர் தானாக வந்துவிடும். நம்பியூர் பக்கம் போர் போட்டு வாழைக்கும் மஞ்சளுக்கும் தண்ணி கட்டுகிறவருக்கு அந்தச் சிப்தான் மடைக்காரர். அது ஒரு ராத்திரி ஏமாற்றினால் ஒரு முறைத் தண்ணீர் போச்சு.

எனக்கு நேரடியாகத் தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். கோவைப் பக்கம் ஒரு சின்னத் தொழிற்கூடம். பேர் வேண்டாம், நாணயமான ஆட்கள். எட்டுக் கால் சிப் ஒன்று மூன்று பேஸையும் பார்த்து, ஒற்றைக் கம்பி வழியாக மொபைல் போர்டுக்குத் தகவல் சொல்லும். பிக் 12எஃப்675 என்ற சிப். மேசை மேல் எல்லா போர்டும் ஓடியது. விற்ற பிறகு, ஒரே லாட்டில் சிலது ஒழுங்காக இருந்தது, சிலது கிறுக்குப் பிடித்த மாதிரி நடந்துகொண்டது. "ஏனுங்க, மூணு பேஸும் இருக்குது, பேஸ் இல்லைன்னு மெசேஜ் வருதுங்க" என்று போன் வரும். ஆளை அனுப்பி சிம்மை மாற்றினார்கள். ஆன்டெனாவை மாற்றினார்கள். மொபைல் மாட்யூலையே மாற்றினார்கள். ஒரு வாரம் சரியாக இருக்கும், வெயில் ஏறினால் மறுபடி அதே கதை.

கடைசியில் திரும்பி வந்த போர்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு சிப்பின் நினைவகத்திலும் கடைசி இடத்தைப் படித்துப் பார்த்தோம். அந்தச் சிப்பில் புரோகிராமுக்கு 1024 இடங்கள். கடைசி இடமான 3எஃப்எஃப்-இல், சிப் செய்த கம்பெனியே ஒரு எண்ணை எழுதி அனுப்புகிறது. உள்ளேயிருக்கும் 4 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் சரியாக ஓட அந்தச் சிப்புக்கு மட்டும் பொருந்தும் திருத்த எண் அது. சிப்புக்குச் சிப் மாறும், மாறித்தான் ஆக வேண்டும். இங்கே எல்லா போர்டிலும் ஒரே எண் இருந்தது.

நடந்தது இதுதான். நன்றாக ஓடிய ஒரு சிப்பை 'மாஸ்டர்' என்று வைத்து, அதை அப்படியே படித்து, மற்ற எல்லாவற்றிலும் நகல் எடுத்திருந்தார்கள். கையிலிருந்த மலிவுப் புரோகிராமர் கேள்வி கேட்காமல் ஒவ்வொரு சிப்பின் சொந்த எண்ணையும் அழித்துவிட்டு மாஸ்டரின் எண்ணை எழுதியது. எழுதியதைச் சரிபார்த்து 'ஓகே' என்றும் காட்டியது. சில சிப்புகளின் கடிகாரம் மாஸ்டரை ஒட்டி இருந்தது, அவை பிழைத்தன. விலகி இருந்தவை வேகமாகவோ மெதுவாகவோ பேசின. ஒற்றைக் கம்பித் தொடர்பு சில சதவீத வித்தியாசத்தைத்தான் பொறுக்கும். அதற்கு மேல் போனால் 'பேஸ் இருக்கிறது' என்று அனுப்பியது அந்தப் பக்கம் வேறு எதுவாகவோ போய்ச் சேரும்.

நல்ல புரோகிராமர் அழிப்பதற்கு முன்னால் அந்தச் சிப்பின் எண்ணைப் படித்து எடுத்து வைத்துக்கொள்ளும். அழித்த பிறகு அதே எண்ணைத் திரும்ப எழுதும். எண் ஏற்கெனவே காணாமல் போயிருந்தால் நின்று சொல்லும். இந்த ஒரு குணத்துக்காகவே கருவியை மாற்றலாம்.

இனி இதைவிட ஆழமான விஷயம். புரோகிராம் ஏறியிருக்கிறது என்றால் சிப்புக்குள் என்ன நடந்திருக்கிறது? ஒவ்வொரு பிட்டும் ஆக்சைடு உறைக்குள் அடைத்து வைத்த மின்னேற்றம். 1971-இல் இன்டெல் கம்பெனியில் டோவ் ஃப்ரோமன் கண்டுபிடித்த ஈப்ராமில் தொடங்கி இன்றைய ஃபிளாஷ் வரைக்கும் அடிப்படை அதுதான். நடுவில் கண்ணாடி ஜன்னல் வைத்த பழைய 2716, 2732 சிப்புகளைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். புற ஊதா விளக்குக்கு அடியில் கால் மணி நேரம் வைத்தால் அழியும். வெளிச்சம் படாமல் ஜன்னல் மேல் லேபிள் ஒட்டி வைப்போம். அந்த லேபிள் உரிந்தால் புரோகிராமுக்கு ஆயுசு குறைவு.

ஒரு பிட்டில் மின்னேற்றம் அழுத்தமாக ஏறியிருக்கலாம், அரைகுறையாகவும் ஏறியிருக்கலாம். அரைகுறையாக ஏறியதும் 5 வோல்ட்டில் படித்தால் சரியாகவே தெரியும். வோல்ட்டேஜ் இறங்கும்போது அல்லது ஏறும்போதுதான் அதன் சாயம் வெளுக்கும். அதனால் சிப் கம்பெனிகள் ஒரு விதி வைத்திருக்கின்றன. மைக்ரோசிப் கம்பெனியின் பிக் 16எஃப்84 போன்ற சிப்புகளுக்கான புரோகிராமிங் ஆவணத்தில் அது தெளிவாக இருக்கிறது. எழுதி முடித்த சிப்பை அது வேலை செய்ய வேண்டிய மிகக் குறைந்த வோல்ட்டேஜிலும், மிக அதிக வோல்ட்டேஜிலும், இரண்டு முனையிலும் படித்துச் சரிபார்க்க வேண்டும். அப்படிச் செய்யாத கருவியை உருவாக்கத்துக்கான கருவி என்று சொல்லிக்கொள்ளலாம், உற்பத்திக்கான கருவி என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்தக் கம்பெனியே சோதனை மேசைக்குச் சின்னக் கருவிகளையும், உற்பத்திக்கு பிஎம்3 என்ற தனிக் கருவியையும் விற்றது.

நம் ஊர் ஸ்டார்ட்டருக்குள் இதை வைத்துப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், கெப்பாசிட்டர், அப்புறம் 7805. அந்த 7805-க்கு 5 வோல்ட் கொடுக்க உள்ளே ஏறத்தாழ 7 வோல்ட்டாவது வர வேண்டும். லைனில் 400-க்கு மேல் வர வேண்டிய இடத்தில் 320, 330 என்று இறங்கும் ராத்திரிகள் நமக்குப் புதிதில்லை. பக்கத்துத் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எடுக்கும்போது இன்னும் இறங்கும். டிரான்ஸ்ஃபார்மரின் விகிதம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் சிப்புக்கு 5-க்குப் பதில் 4.3 வோல்ட்தான் கிடைக்கும். 12எஃப்675 அதற்குத் தயாராகவே வந்திருக்கிறது, 2 வோல்ட் வரைக்கும் ஓடும் சிப் அது. ஆனால் சரியாக எழுதப்படாத ஒரு பிட் அந்த நேரத்தில் தப்பாகப் படிக்கப்படலாம். கட்டளையே மாறிவிடும். காலையில் மெக்கானிக் வந்து பார்க்கும்போது வோல்ட்டேஜ் நன்றாக இருக்கும், ஸ்டார்ட்டரும் நன்றாக ஓடும். "ஒண்ணும் இல்லீங்க, சரியாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த விவசாயிக்கு நம் பேரில் நம்பிக்கை போயிருக்கும்.

சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் இருக்கும் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்னேற்றம் கசிவது சூட்டில் வேகமாகும். 40 ஆண்டுக்கு மேல் நினைவு நிற்கும் என்று 12எஃப்675-இன் தரவேட்டில் போட்டிருக்கிறார்கள். ஆவணத்தில் சொன்னபடி எழுதிய சிப்புக்குத்தான் அந்த வாக்குறுதி.

ஆக, விற்பனைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை ஆயிரம் சிப் வகைகளை இது எழுதும் என்பதில்லை. பெட்டி மேல் 'ஐம்பதாயிரம் வகைகள்' என்று அச்சடித்திருப்பதால் உங்களுக்குப் பயன் கிடையாது. நீங்கள் உபயோகிப்பது இரண்டோ மூன்றோ. அந்த மூன்றையும் சிப் கம்பெனியின் ஆவணப்படி எழுதுகிறதா? இரண்டு வோல்ட்டேஜிலும் சரிபார்க்கிறதா? எழுத்தில் தருவீர்களா? இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேசுங்கள்.

ஸ்லோவாக்கியாவின் எல்நெக், அமெரிக்காவின் டேட்டா ஐ/ஓ, பிபிஎம் போன்ற கம்பெனிகள் இந்த வேலைக்கென்றே கருவி செய்கின்றன. விலை அதிகம், பெரிய இயந்திரங்கள் லட்சங்களில் போகும். இருநூறு, ஐந்நூறு போர்டு போடுகிறவருக்கு அத்தனை பெரிய இயந்திரம் தேவையில்லை. ஒரு போர்டுக்கு எடுத்து வைப்பது உட்பட 25 விநாடி என்றாலும், 500 போர்டு மூன்றரை மணி நேர வேலைதான். வேகம் நமக்குப் பெரிய பிரச்சினை இல்லை. எட்டு சாக்கெட், பதினாறு சாக்கெட் கருவிக்குக் காசைக் கொட்டுவதைவிட, ஒரே சாக்கெட்டில் ஒழுங்காகச் சரிபார்க்கும் கருவி வாங்குவது மேல். ஆயிரக்கணக்கில் போகிறவர்கள் புரோகிராம் ஏற்றிய சிப்பாகவே கம்பெனியிடம் வாங்கலாம், மைக்ரோசிப் போன்றவர்கள் அந்தச் சேவையைத் தருகிறார்கள்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்க்காமல், நாலு எட்டு நடக்கவிடாமல் மடியிலிருந்து பணத்தை எடுக்க மாட்டார். கருவி வாங்கும்போதும் அதைச் செய்யுங்கள். உங்கள் சிப், உங்கள் ஹெக்ஸ் ஃபைல், உங்கள் போர்டு மூன்றையும் கொண்டுபோங்கள். சரியான சிப்பைச் சரியாக எழுதிக் காட்டினால் போதாது, அதை எல்லாக் கருவியும் செய்யும். தப்புச் செய்து பாருங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது சிப்பை உருவுங்கள். வேறு நம்பர் சிப்பை வையுங்கள். திருப்பி மாட்டுங்கள். யுஎஸ்பி வயரைப் பாதியில் பிடுங்குங்கள். ஒரு கால் மடங்கிய சிப்பை வையுங்கள். ஒவ்வொன்றிலும் கருவி நின்று, தப்பு என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை தப்பான சிப்புக்கு 'ஓகே' சொன்னாலும் அந்தக் கருவி வேண்டாம்.

ஆசிலோஸ்கோப் இருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். பிக் சிப்பை எழுதும்போது அதன் ஒரு காலுக்கு உயர் வோல்ட்டேஜ் கொடுக்கிறார்கள். 12எஃப்675-க்கு அந்தக் காலின் உச்ச வரம்பு 13.5 வோல்ட். மலிவுக் கருவிகளில் அது நிதானமாக ஏறாமல் துள்ளி ஏறி, ஒரு நொடியின் துளி நேரம் வரம்பைத் தாண்டிவிட்டு இறங்கும். சிப் அன்றைக்குச் சாகாது. அடிபட்ட சிப்பாக போர்டில் போய் உட்காரும்.

இப்போது பலர் சிப்பைத் தனியாக எழுதாமல், போர்டில் சால்டர் செய்த பிறகு ஐந்து கம்பி வழியாக ஏற்றுகிறீர்கள். அதுவும் நல்ல முறைதான். நானும் அதைத்தான் சொல்வேன், சாக்கெட் தேய்மானம் இல்லை, கால் மடங்குவதில்லை. ஆனால் போர்டை வரையும்போதே அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும். ரீசெட் காலில் கெப்பாசிட்டர் போட்டிருந்தால் எழுதும் வோல்ட்டேஜ் சட்டென்று ஏறாது. டேட்டா, கிளாக் கால்களில் எல்இடியோ ஆப்டோவோ நேராகத் தொங்கினால் சிக்னல் கெடும். கையில் வயரைப் பிடித்து அழுத்திக்கொண்டு ஏற்றுவதை நிறுத்துங்கள். ஸ்பிரிங் ஊசி வைத்த ஒரு ஜிக் செய்துகொள்ளுங்கள். பேக்கலைட் பலகையும் ஐந்து போகோ பின்னும் ஒரு டாகிள் கிளாம்ப்பும் போதும், கோவையில் எந்த லேத் பட்டறையிலும் செய்து தருவார்கள். சாக்கெட்டில்தான் எழுதுவேன் என்பவர்கள் சாக்கெட் மாற்றிய தேதியைக் கருவி மேலேயே எழுதி ஒட்டுங்கள். அதற்கும் ஆயுசு உண்டு, தயாரிப்பாளர் சொன்ன எண்ணிக்கை தாண்டியதும் தூக்கிப்போட வேண்டும்.

ஏவிஆர் சிப் உபயோகிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபியூஸ் பிட்டை ஆபரேட்டர் கையில் விடாதீர்கள். கடிகாரம் வெளியே இருக்கிறது என்று தப்பாக ஒரு டிக் போட்டால், கிரிஸ்டல் இல்லாத போர்டில் அந்தச் சிப் அதன்பின் பேசவே பேசாது. புரோகிராமும் ஃபியூஸும் பூட்டும் ஒரே ஃபைலாக, ஒரே பொத்தானில் ஏற வேண்டும். ஆபரேட்டர் எதையும் தேர்ந்தெடுக்கும்படி இருக்கக் கூடாது. பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு, எண்ணிக்கை இவை மட்டும் அவர் கண்ணில் படட்டும். பூட்டு பிட்டைப் போடாமல் சந்தைக்கு விட்டால் அடுத்த மாதம் உங்கள் புரோகிராம் வேறு ஒருவர் லேபிளில் வரும் என்பதை இங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தனை கவனம் ஒரு ஸ்டார்ட்டருக்குத் தேவையா என்று நினைக்கலாம். நம் நாட்டில் சிப்பில் புரோகிராம் ஏற்றும் விஷயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. வாக்குப்பதிவு இயந்திரம்தான் அது. நம் எழுத்தாளர் சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினியராக இருந்தபோது அந்த இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர். 1982-இல் கேரளத்தின் பரவூரில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக அது வந்தது. அதில் இருப்பது ஒரே ஒரு முறைதான் எழுத முடிகிற சிப் என்கிறது தேர்தல் ஆணையம். இப்போதைய எம்3 இயந்திரங்களுக்குப் புரோகிராமை பாரத் எலெக்ட்ரானிக்ஸ், இசிஐஎல் என்ற இரண்டு பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆலைக்குள்ளேயே ஏற்றுவதாகத் தேர்தல் ஆணையம் சொல்கிறது. 2024 ஏப்ரல் 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு வழி வைத்தது. இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர் எழுத்தில் கேட்டால், சட்டமன்றத் தொகுதிக்கு 5 சதவீத இயந்திரங்களில் ஏற்றப்பட்ட நினைவகத்தைத் தயாரித்த நிறுவனத்தின் இன்ஜினியர்கள் சரிபார்க்க வேண்டும் என்பதுதான் அது. சிப்புக்குள் என்ன இருக்கிறது என்று பின்னால் ஒருவர் கேட்டால் காட்ட முடிய வேண்டும், அவ்வளவுதான். அந்த உரிமை வேட்பாளருக்கு இருப்பது போல, மூன்றரை ஏக்கர் வாழையை நம் பெட்டியை நம்பி விட்டிருக்கும் விவசாயிக்கும் இருக்கிறது.

அதனால் கருவி பதிவேடு வைக்கிறதா என்று பாருங்கள். எந்தத் தேதியில், எந்த ஃபைலை, என்ன செக்சம்மோடு, எத்தனை சிப்பில் ஏற்றினோம், எத்தனை தோற்றது என்று அது தானாகக் குறித்து வைக்க வேண்டும். சிப்புக்கு ஒரு வரிசை எண்ணும் ஏற்றினால் இன்னும் நல்லது. மூன்று வருஷம் கழித்துக் கவுந்தப்பாடியிலிருந்து ஒரு போர்டு திரும்பி வந்தால், அது எந்த லாட், எந்தப் பதிப்பு என்று ஐந்து நிமிஷத்தில் சொல்ல முடியும். ஒரு லாட்டில் பத்து சிப் எழுதத் தோற்றால் அது கருவியின் கோளாறாகவும் இருக்கலாம், சந்தையில் வந்த பழைய சிப்பாகவும் இருக்கலாம். 2021-இல் சிப் பஞ்சம் வந்தபோது கழற்றி எடுத்த சிப்பை நம்பர் அழித்துப் புதிதாக விற்றது உலகம் முழுக்க நடந்தது. பதிவேடு இல்லாத இடத்தில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. தோற்ற சிப்பை மறுபடி மறுபடி வைத்து 'ஓகே' வரவைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதைச் செய்ய வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். முதல் தடவை தோற்ற சிப் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

மாணவர்களுக்கு: கல்லூரி ஆய்வகத்தில் நீங்கள் உபயோகிக்கும் சின்னக் கருவி கற்றுக்கொள்ள நல்ல கருவி. அதை மட்டம் தட்டாதீர்கள். வேலைக்குப் போகும் இடத்தில் அதையே உற்பத்திக்கும் வைத்திருந்தால், சிப் கம்பெனியின் புரோகிராமிங் ஆவணத்தை இறக்கி, வோல்ட்டேஜ் பக்கத்தை அச்செடுத்து முதலாளி மேசையில் வையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆவணம் அது. இந்த வேலையில் அதைப் படித்த ஆள் கிடைப்பது அரிது.

தொழில் நடத்துகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த லாட் போடுவதற்கு முன்னால், விற்காமல் வைத்திருக்கும் பழைய போர்டுகளில் பத்தை எடுங்கள். உங்கள் போர்டில் சிப்புக்கு வரக்கூடிய மிகக் குறைந்த வோல்ட்டேஜில் ஒரு தடவை, 5.5 வோல்ட்டில் ஒரு தடவை சிப்பைச் சரிபாருங்கள். உள் கடிகாரம் உள்ள சிப் என்றால் கடைசி இடத்து எண்ணையும் பாருங்கள். பத்தும் தேறினால் இருக்கிற கருவியோடு தொடருங்கள். ஒன்று தவறினாலும், அந்த மாதத்து லாபத்தில் ஒரு பங்கை எடுத்து உற்பத்திக் கருவி வாங்கிவிடுங்கள்.